நனைவதற்கு அரை மணி நேரம்

பத்தே கால். பத்தே முக்கால் வரை எனக்கு வேலை கிடையாது. கல்லில் அப்பிய மருந்துப் பற்றின் மேல் தண்ணீர் தெளித்தாயிற்று, அரை மணி நேரம் ஊற வேண்டும், ஊறினால்தான் காய்ந்த காகிதக்கூழ் கல்லை நோகாமல் விடும், இது நானே எழுதித் தொல்லியல் இலாகா முழுக்கச் சுற்றுக்கு விட்ட விதி, நானே மீற முடியாது. சும்மா உட்கார்ந்திருக்கிறேன். கை மட்டும் சும்மா இல்லை, வலது கட்டைவிரல் ஆள்காட்டி விரலைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறது, ஏனென்றால் அதில் பொடி ஒட்டியிருக்கிறது, கல்லின் பொடி, கூழின் பொடி இல்லை, இருபத்தெட்டு வருஷ சர்வீஸில் இந்த இரண்டையும் விரல் பிரித்துச் சொல்லாதா என்ன. சற்று முன்னால் உதவியாளர் தனக்கோடி தண்ணீர் டிரம்மைத் தூக்கிக்கொண்டு ஜீப் பக்கம் போனதும் நான் பொறுக்காமல் இடது ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்துவிட்டேன். இரண்டு விரற்கடை அகலம் இருக்கும். கூழின் அடியில் செத்த பாசி பழுப்பாக இருந்தது, அது சரி, மருந்து வேலை செய்திருக்கிறது, மூன்று வாரம் பாலித்தீன் போட்டு மூடி வைத்ததற்குச் சாகாமல் என்ன செய்யும். ஆனால் பாசியோடு கல்லும் வந்திருந்தது. அப்பளத் தடிமனுக்கு ஒரு சில்லு. அதற்குப் பின்னால் கல் புதுசாக, வெளுப்பாக, புண் பொருக்கு உதிர்ந்த இடத்துத் தோல் போல இருந்தது. எழுத்தின் பள்ளம் எதுவும் அங்கே இல்லை. பார்த்தேன், உடனே அழுத்தி ஒட்டிவிட்டேன். பல் உடைந்த சீப்பை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு நகர்கிற சின்னப் பையன் மாதிரி ஒட்டிவிட்டு வந்து இந்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன், ஐம்பத்தொன்பது வயது, ரசாயனப் பிரிவு, எட்டு மாதத்தில் ரிட்டயர்மெண்ட். யாரும் பார்க்கவில்லை. யாரும் பார்க்கவில்லை என்று எத்தனையாவது தடவை நினைக்கிறேன், நான்காவது தடவை, அல்லது ஐந்தாவது.

அந்தம்மா பார்க்கவில்லை. பத்தடி தள்ளித் தேயிலைச் செடியோரம் கொழுந்துக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருக்கிறார், கறுப்புக் குடை மடியில், பக்கத்தில் தூக்குவாளி. சுடலைவடிவு. அறுபத்து மூன்று வயது, இந்த எஸ்டேட்டிலேயே பிறந்து இந்த எஸ்டேட்டிலேயே கொழுந்து பறித்து ஓய்ந்தவர். நான் இந்த மலைக்கு வந்ததே இவர் எழுதிய மனுக்களால்தான், கலெக்டருக்கு ஒன்பது மனு, ஒன்பதிலும் ஒரே விஷயம், எங்கள் நினைவுக்கல்லில் பாசி படிந்திருக்கிறது, கடைசிப் பெயர் தெரியவில்லை, சுத்தம் செய்து தர வேண்டும். அறுபத்தெட்டாம் வருஷம் மலை சரிந்து, தொழிலாளர் வீடுகளின் ஒரு லயன் வரிசை மண்ணுக்குள் போனது. அடுத்த வருஷம் யூனியன்காரர்கள் இந்தக் கல்லை நட்டார்கள். உச்சியில் இருபத்து நான்கு பேர் என்று எண்ணிக்கை, கீழே பெயர்கள், இருபத்து மூன்று பெயர் கண்ணாடி போடாமலே படிக்கலாம். இருபத்து நான்காவது பெயர் தனியாகக் கடைசி வரியில், தரையை ஒட்டி, ஈரம் ஏறுகிற இடத்தில். நாங்கள் லைக்கன் என்போம், ஊரில் பாசி, ஓட்டுப்பாசி, அது வெற்றிலை அகலத்துக்கு வட்டம் வட்டமாகப் படிந்து அந்த வரியை மூடி நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தப் பெயர் மாடக்கண்ணு என்கிறார் சுடலைவடிவு. மாடக்கண்ணு அவருடைய அப்பா. ஊர் வேறு சொல்கிறது. சரிவுக்கு முந்தின சாயங்காலம் மாடக்கண்ணு கீழ் டிவிஷன்காரி ஒருத்தியோடு கடைசி பஸ்ஸில் இறங்கிப் போய்விட்டான், கல்லில் இருப்பது அன்றைக்கு மழைக்கு ஒதுங்கி லயனில் தங்கின வளையல்காரன் பெயர் என்று. உடம்பு கிடைக்கவில்லை, இரண்டு பேர் உடம்பும் கிடைக்கவில்லை. யூனியன் நோட்டைக் கரையான் தின்றுவிட்டது. பாசி மூடுமுன் வாசித்தவர்கள் ஆளுக்கொன்று சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்தார்கள். மிச்சம் இந்தக் கல். "ஓடுனவன் பொண்டாட்டின்னு சொல்லியே எங்கம்மைய சாவடிச்சுட்டாக சார்," என்றார் முதல் நாள், குரலை உயர்த்தாமல், சாப்பாட்டுக்கு என்ன குழம்பு என்று சொல்கிற மாதிரி. "எனக்குப் பாத்த மாப்பிள்ள வீட்டுக்காரங்க ரெண்டு தடவ திரும்பிப் போனாக. போன வாரங்கூட பைப்படியில சண்ட. ஓடுனவன் மவதானேன்னு ஒருத்தி கேக்கா. அவ அப்ப பொறக்கவே இல்ல." ஆறு வயதில் காது குத்துக்கு அம்மாவோடு சித்தி வீட்டுக்குப் போன பிள்ளை, திரும்பி வந்தபோது வீடும் இல்லை அப்பாவும் இல்லை, இறந்தாரா ஓடினாரா என்பதற்கு ஐம்பத்தேழு வருஷமாக ஒரு பதிலுக்காக இந்தக் கல்லடியில் நிற்கிறார். அந்தப் பதில் இப்போது என் கூழில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பத்து இருபத்திரண்டு. வெயில் ஏறவில்லை, நல்லது, பற்று சீக்கிரம் காயாது. நல்லதாம். பழக்கத்தில் இன்னும் நல்லது கெட்டது பார்த்துக்கொண்டிருக்கிறேன். எப்படி இப்படி ஆனது என்று எனக்குத் தெரியாதா, நன்றாகத் தெரியும், ட்ரெயினிங்கில் படம் போட்டு நானே சொல்லித் தருவேன். லைக்கன் என்பது ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து நடத்துகிற குடித்தனம், பூஞ்சை கல்லுக்குள் நூல் விடும், மைக்கா என்கிற அபிரக ஏடுகளுக்கு நடுவே புகுந்து ஏடு ஏடாகப் பிரிக்கும், பிரித்த ஏட்டை அதே நூலால் பிடித்தும் வைத்திருக்கும். கெடுப்பதும் அதுதான், தாங்குவதும் அதுதான். ஆகவே அவசரப்பட்டுக் கொல்லாதீர்கள், முதலில் கல்லைத் தட்டிப் பாருங்கள், உள்ளே பொக்கென்று சத்தம் வந்தால் பிடிமானம் கொடுத்துவிட்டுப் பிறகு மருந்து போடுங்கள். மேல் வரிகளில் தட்டினேன், கிண்ணென்று இருந்தது. கடைசி வரிக்குக் குனிய வேண்டும், முட்டி வலி, பாசிக்கு மேலேயே நாலு தட்டுத் தட்டினேன், பாசி சத்தத்தைத் தின்றுவிட்டது, இதுவும் கிண்ணென்றுதான் இருக்கும் என்று எழுதிவிட்டேன். அந்த வரி மட்டும் கல்லை நட்ட பிறகு சேர்த்த வரி, சிற்பி குந்தி உட்கார்ந்து அரைகுறை ஆழத்தில் வெட்டியிருப்பான், அதையும் யோசித்திருக்கலாம். இதெல்லாம் கூடப் பரவாயில்லை. பெரிய தப்பு இது இல்லை. பெரிய தப்பை நினைக்காமல் சின்னத் தப்புகளாக எண்ணிக்கொண்டிருக்கிறேன், எனக்கே தெரிகிறது. மைப்படி. ஈரத் தாளைக் கல்லில் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டி, மை ஒற்றி, எழுத்தைத் தாளில் எடுப்போமே அந்த மைப்படி. எங்கள் இலாகா வழக்கம் முதலில் சுத்தம், அப்புறம் மைப்படி. அழுக்குக் கல்லில் எடுத்தால் படி கறைகறையாக வரும், கல்வெட்டுப் பிரிவுக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், ஆகையால் நாங்கள் கழுவிக் கொடுத்த பிறகுதான் அவர்கள் தாளை விரிப்பார்கள். காலங்காலமாக இப்படித்தான். யாரும் ஏன் என்று கேட்டதில்லை. இவர் கேட்டார். மூன்று வாரத்துக்கு முன்னால் நான் கூழைக் குழைத்துக்கொண்டிருந்தபோது இதே இடத்தில் நின்று கேட்டார். "சார், மருந்து போடுததுக்கு முன்னாடி ஒரு பேப்பர வச்சி ஒத்தி எடுத்துக்கிட்டா என்ன சார்? நாங்க சின்னப்புள்ளைல காசு மேல பேப்பர வச்சி பென்சிலால தேய்ப்போம், ராசா தல வரும்." நான் என்ன சொன்னேன். "பாசி மேல தேய்ச்சா பாசி தலைதாம்மா வரும்." தனக்கோடி சிரித்தார். அந்தம்மாவும் வாயைப் பொத்திச் சிரித்தார், தெரியாமல் கேட்டுவிட்டேனே என்கிற சிரிப்பு. நல்ல பதில் சொன்னோம் என்று அன்றைக்கு எனக்கு ஒரு சந்தோஷம் கூட இருந்தது.

வந்திருக்காது. பாசிக்கு மேல் ஒற்றினால் எழுத்து வந்திருக்காது. வந்திருக்கலாம். பாசிப் படலம் மெலிசு, பள்ளத்தில் பள்ளமாகத்தான் படியும், பக்கவாட்டில் டார்ச் அடித்தால் நிழல் விழும், முழுப் பெயர் வராவிட்டாலும் எத்தனை எழுத்து என்று தெரிந்திருக்கும், முதலெழுத்து தெரிந்திருக்கும், மா என்றால் மா, அது போதுமே அவருக்கு. டார்ச் ஜீப்பில்தான் இருந்தது. எடுத்து அடித்துப் பார்க்க இரண்டு நிமிஷம். இந்த இரண்டு நிமிஷத்தை என்ன செய்தேன் அன்றைக்கு, எஸ்தருக்கு போன் பண்ணினேன், சாயங்காலம் லேட்டாகும் என்று. எஸ்தர் என் மனைவி, இந்த வேலையைப் பற்றி அவளுக்கு ஒரே கேலி. கறிக்குழம்பில் கல்பாசி போடுவாள், நீங்கள் ஊரெல்லாம் மருந்து வைத்துக் கொல்லுகிறதை நான் கடையில் காசு கொடுத்து வாங்குகிறேன் என்பாள். அதுவும் லைக்கன்தான், மணமாக இருக்கும், நான் பொறுக்கி இலை ஓரத்தில் வைப்பேன். இன்னொன்றும் சொல்லுவாள், ஊரான் கல்லையெல்லாம் கழுவுகிறீர்கள், உங்கள் அம்மா கல்லறை பச்சையாகக் கிடக்கிறது, வருஷத்துக்கு ஒருநாள் கல்லறைத் திருநாளில் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று. கழுவ மாட்டேன். ஏன் என்று அவளிடம் சொன்னதில்லை. அம்மாவுக்குக் காலில் சர்க்கரைப் புண், ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரிக்க வந்த நர்ஸுக்கு அவசரம், காய்ந்த துணியை நனைக்காமல் ஒரே இழுப்பாக இழுத்தாள். துணியோடு சதை வந்தது. அம்மா கத்தவில்லை, என் கையைப் பிடித்தாள், என் பெயரைச் சொன்னாள், ஞானதிரவியம் என்று முழுப் பெயரையும், வீட்டில் யாரும் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். அதற்குப் பிறகுதான் அந்த விதி. அரை மணி நேரம் நனைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். அந்த விதியை எழுதினவன் நான், அந்த நர்ஸை இன்று வரை மன்னிக்காதவன் நான், இதோ நனைத்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன், நனைத்தும் சதை வருகிறது. அந்த நர்ஸ் இப்போது எங்கே இருப்பாள், இருப்பாளோ இல்லையோ. எனக்கு அழுகை வரும் போலிருக்கிறது, வரக்கூடாது, அந்தம்மா இங்கே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"இன்னும் எம்புட்டு நேரம் சார்?"

"பத்து நிமிஷம்மா."

"சார் டீ குடிக்கீயளா? வாளியில இருக்கு. சீனி கம்மியாத்தான் போட்டிருக்கேன், அன்னைக்கு சொன்னீயல்லா."

வேண்டாம் என்று கையை அசைத்தேன். சீனி கம்மி என்று மூன்று வாரத்துக்கு முன்னால் எப்போதோ சொன்னதை ஞாபகம் வைத்திருக்கிறார். இன்றைக்கு நல்ல சேலை கட்டியிருக்கிறார், இப்போதுதான் கவனிக்கிறேன், நீலத்தில் பெரிய கட்டம், மடிப்புக் கலையாதது, தலையில் கனகாம்பரம். அப்பா பெயரைப் பார்க்க வந்திருக்கிறார். பைப்படிப் பெண்களிடம் சொல்லிவிட்டு வந்திருப்பார், வந்து பாருங்கடி என்று. மத்தியானம் கொழுந்தை எடை போட்டதும் வருவார்கள். ரிப்போர்ட் எழுத வேண்டும். ரிப்போர்ட் வாக்கியம் பற்றைத் தூக்கிப் பார்த்த உடனேயே மனதில் வந்துவிட்டது, நான் கூப்பிடவே இல்லை, தானாக வந்து நிற்கிறது. கடைசி வரி ஏற்கனவே சிதைந்து காணப்பட்டது. எவ்வளவு நல்ல வாக்கியம். யார் சிதைத்தது என்று இல்லை, யார் கண்டது என்று இல்லை. ஏற்கனவே. அந்த ஒரு வார்த்தையைத் தூக்கிவிட்டால் வாக்கியம் என்னைக் காட்டிக் கொடுக்கும், வைத்துவிட்டால் நாற்பது வருஷத்து மழையைக் காட்டும். எத்தனை ரிப்போர்ட்டில் எத்தனை ஏற்கனவே எழுதியிருக்கிறேன். ஆரம்ப காலத்தில் ஒரு கோயில் மதிலுக்கு அம்மோனியா போட்டுக் கழுவினோம், பளிச்சென்று ஆனது, அடுத்த மழைக்கு முன்னைவிடப் பச்சையாக வந்து நின்றது, உரம் போட்டிருக்கிறோம் என்று பிறகுதான் புரிந்தது, அதற்கும் எழுதினோம், ஏற்கனவே ஈரம் ஊறிய சுவர் என்று. இந்த வேலையில் யாரும் ஜெயிப்பதில்லை. மூன்று மழை, அதிகமாகப் போனால் நான்கு, மறுபடியும் முளைக்கும், நான் ரிட்டயராகிச் செத்து என் கல்லிலும் முளைக்கும். தள்ளிப்போடுகிறோம், அவ்வளவுதான். அதற்கு மேல் இருபத்தெட்டு வருஷத்தில் நான் எதையும் சாதித்ததாகத் தெரியவில்லை. இன்றைக்கு மட்டும் ஒன்றை நிரந்தரமாகச் செய்திருக்கிறேன். இனி எந்தப் பூஞ்சையாலும் கெடுக்க முடியாத அளவுக்கு அந்த வரியைச் சுத்தம் செய்திருக்கிறேன். ஏற்கனவே என்று இவரிடமும் சொல்லலாம். பாசி தின்றுவிட்டதம்மா, நான் வருவதற்கு முன்னாலேயே போய்விட்டது, மனுவை இருபது வருஷம் முன்னால் எழுதியிருந்தால் என்று இரண்டு வார்த்தை கூடச் சேர்த்துச் சொல்லலாம். நம்புவார். டீயைக் கொடுத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு, பெரிய உபகாரம் சார் என்று சொல்லிவிட்டுப் போவார். அதுதான் பயமாக இருக்கிறது. திட்டுவாரோ என்று பயமில்லை, என்கொயரி வரும் பென்ஷன் இழுபடும் என்று கூட இப்போது அவ்வளவு பயமில்லை, கும்பிட்டுவிட்டுப் போவாரே, அதை எந்த முகத்தோடு வாங்கிக்கொள்வது.

பத்து நாற்பத்தைந்து. எழுந்தேன். முட்டி மடங்க மறுத்தது, மடக்கினேன், மூன்று வாரத்துக்கு முன்னால் குனிய வேண்டிய அளவுக்கு இன்றைக்குக் குனிந்தேன். தனக்கோடி ட்ரேயைப் பிடித்தார். மேல் வரிகளில் பற்று பாய் சுருட்டுவது போல அழகாக வந்தது, கீழே கல் கறுப்பாக, திடமாக, எழுத்துகள் நேற்று வெட்டினது போல. எனக்கு ஒரு கணம் நம்பிக்கை வந்தது, ஓரத்தில் மட்டும்தான் போலிருக்கிறது, உள்ளே சரியாக இருக்கும் என்று, எப்படியெல்லாம் மனசு தேடுகிறது. கடைசி வரி. மர ஸ்பாச்சுலாவை நுழைத்தேன், மூச்சை அடக்கிக்கொண்டேன், ஒரு நூல் அளவு, இரண்டு நூல் அளவு. சத்தமே இல்லாமல் முழு வரியும் கூழோடு என் கைக்கு வந்தது. சிலது முழுச் சில்லு, சிலது பொடி. கல்லில் ஒரு முழ நீளத்துக்கு வெள்ளைப் பட்டை, அவ்வளவுதான். தனக்கோடி என்னைப் பார்த்துவிட்டு ட்ரேயை மெல்லத் தரையில் வைத்தார், அவருக்கும் இருபது வருஷ சர்வீஸ். சில்லுகளைத் திருப்பினேன், இடுக்கியால் ஒவ்வொன்றாக, பின்பக்கம் எழுத்துப் பள்ளத்தின் புடைப்பு தெரியுமா என்று. ஒன்றில் ஒரு வளைவு. மாவின் வளைவாக இருக்கலாம், வளையல்காரன் பெயர் என்னவோ அதில் உள்ள ஏதோ ஒரு எழுத்தின் வளைவாக இருக்கலாம், தமிழில் வளைவு இல்லாத எழுத்து எத்தனை. தொட்டதும் அதுவும் இரண்டாக உடைந்தது. பின்னால் சேலை சரசரத்தது. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நிற்கிறார்.

"எங்க சார்?"

ஏற்கனவே என்று வாய் திறந்தது. அந்த வார்த்தை பல்லுக்குப் பின்னால் வரை வந்தது.

"நான் எடுத்துட்டேம்மா. பாசியோட சேர்ந்து வந்துடுச்சு. மருந்து போடுறதுக்கு முன்னாடி நான் பார்த்திருக்கணும். நீங்க சொன்ன மாதிரி ஒத்தி எடுத்திருக்கணும். என் தப்பு."

"பேரு இருந்துச்சா?"

"எழுத்து இருந்தது. என்ன எழுத்துன்னு இனிமே தெரியாது."

அவர் குனிந்து அந்த வெள்ளைப் பட்டையைத் தொட்டார். இடமிருந்து வலமாக விரலை ஓட்டினார், படிக்கிறவர்கள் ஓட்டுகிற மாதிரி, மறுபடி ஒருமுறை ஓட்டினார். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது. அவர் நிமிர்ந்து முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டார்.

"இம்புட்டு வருசமா எங்கப்பா இந்தப் பாசிக்குள்ள இருந்தாரு சார்," என்றார். "யாரு என்ன பேசுனாலும் நான் இங்கன கையக் காட்டுவேன். தெரியலல்லா, மூடியிருக்குல்லான்னு சொல்லுவேன். நாந்தான் மனு எழுதி எழுதி வரவச்சேன்."

கீழே லயன் பக்கமிருந்து சங்கு ஊதியது. கொழுந்து நிறுவைக்கு இன்னும் நேரம் இருக்கிறது, ஆனாலும் அவர் அந்தப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு ட்ரேயைப் பார்த்தார். பழுப்புக் கூழ், செத்த பாசி, நாற்பது ஐம்பது சில்லு, பொடி.

"இதுல எது சார் எங்கப்பா?"

உண்மை சொல்ல எனக்கு அரை மணி நேரம் ஆனது. இதற்கு ஒரு நொடி கூட ஆகவில்லை. இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு, உடையாமல் இருந்ததில் பெரிய சில்லு ஒன்றைக் கையாலேயே எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். "இதும்மா," என்றேன், "இதுதான், மா தெரியுது பாருங்க." அவர் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார், ஒன்றும் இல்லாத அதைப் பார்த்துத் தலையை ஆட்டினார். முந்தானை முனையில் வைத்து இறுக்கி முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டார். தூக்குவாளியைத் திறந்து, மூடியில் டீயை ஊற்றி, என் கையில் கொடுத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு பாதையில் இறங்கினார். சீனி கம்மியாகத்தான் இருந்தது. வெறும் மைக்கா ஏடு அது, பிடித்து வைத்திருந்த பாசி செத்துவிட்டது, லயன் போய்ச் சேருவதற்குள் முடிச்சுக்குள் பொடியாகிவிடும் என்று நான் அவரிடம் சொல்லவில்லை.